டூட்டிங்கில ட்ராம் நிண்டு 155 பஸ் வந்த நாள்: டயோரமாவுக்கு தகவல் வேணும்

155பயணி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் தென் லண்டன் டூட்டிங்கில பதினாலு வருசமா இருக்கிறன், வேலைக்கு எலிஃபன்ட் அண்ட் காசில் பக்கம் 155 பஸ்ஸிலதான் போய் வாறனான். போன வருசம் ஒருநாள் மேல்தட்டில முன் சீற்றில இருந்து போகேக்க பக்கத்தில இருந்த வயசான வெள்ளைக்கார அம்மா ஒராள் யன்னலால காட்டி, இந்த றோட்டில முந்தி ட்ராம் ஓடினது, நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க அம்மாவோட அதிலதான் கிளாப்பம் போறனான் எண்டு சொன்னா. அண்டையில இருந்து அந்த ட்ராம் என்ர மனசை விட்டுப் போகேல்ல. நான் தினம் போற பாதையிலயே ஒரு முழு உலகம் இருந்து மறைஞ்சிருக்கு, அதை ஒருக்கா கண்ணால பாக்க வேணும் எண்டு ஆசை.

அதான் 1:76 ஸ்கேல்ல, அதாவது நிஜத்தில 76ல ஒரு பங்கு அளவில, ஒரு டயோரமா (பலகையில செய்யிற சின்னக் காட்சி) தொடங்கினன். பலகை 120 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம். டூட்டிங் பிரோட்வே ஸ்ரேசன், அதுக்கு முன்னால ஏழாம் எட்வேர்ட் சிலை, ரெண்டு பக்கமும் கடைகள், நடுவில ட்ராம் தண்டவாளம். ட்ராமுக்கு மேல கரண்ட் கம்பி வேணுமெண்டு பித்தளைக் கம்பியில தூண் செய்து, மெல்லிய வயர் இழுத்து, அதுக்கே ரெண்டு மாசம் போட்டுது. ஒரு பக்கம் கடைசி ட்ராம், மறு பக்கம் அதுக்குப் பதிலா வந்த பஸ் எண்டு வைக்கிறதுதான் யோசினை. பஸ்ஸுக்கு ஒன்லைனில ஒரு கடையில ரூட்மாஸ்ரர் எண்ட டபிள் டெக்கர் மொடல் வாங்கினன், ட்ராமுக்குப் பதிலா வந்த பஸ் எண்டுதான் விளம்பரத்தில போட்டிருந்தவை.

இப்ப நிக்கிற இடம் இதுதான். டூட்டிங்கால எந்த எந்த நம்பர் ட்ராம் போனது, எது எந்த பஸ்ஸா மாறினது, எப்ப மாறினது எண்டு ஒழுங்கா ஒரு இடத்திலயும் கிடைக்கேல்ல. ரூட் 2 எண்டு தேடினா வேற எங்கயோ போற பஸ்தான் வருது. அந்த நேரம் றோட்டு எப்பிடி இருந்தது, ஸ்ரொப் எங்க இருந்தது, இதெல்லாம் எங்க தேடுறது? இதில அனுபவம் இருக்கிற ஆக்கள் யாரும் இருந்தா கொஞ்சம் சொல்லுங்கோ.


சின்னரயில் எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் க்ராய்டன்ல இருக்கேன், சொந்த ஊர் சென்னை, தென் லண்டன் ட்ராம் மாடல் பண்ண ஆரம்பிச்சு ஒன்பது வருஷம் ஆச்சு. உங்க பலகையைப் பத்திப் படிக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா ரெண்டு விஷயம் மனசுக்கு கஷ்டமா இருக்கும், அதை முதல்ல சொல்லிடறேன், இப்பவே தெரிஞ்சா திருத்திக்கலாம்.

முதல் விஷயம், டூட்டிங் ப்ராட்வேல ட்ராமுக்கு மேல கம்பியே கிடையாது. லண்டன் கவுன்ட்டி கவுன்சில் போட்ட லைன் எல்லாம் பெரும்பாலும் கான்டியூட் முறை, அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ரோட்டுக்கு அடியில ஒரு குழாய் மாதிரி பள்ளம், மேல இருந்து பாத்தா ஒரு அங்குலம்கூட இல்லாத ஒரு சந்து மட்டும்தான் தெரியும். பள்ளத்துக்குள்ள கரண்ட் ஓடுற ரெண்டு இரும்புப் பட்டை. ட்ராமோட அடிவயித்துல இருந்து ப்ளவ்னு ஒரு தகடு அந்த சந்து வழியா உள்ள இறங்கி கரண்ட் எடுக்கும். கவுன்சில் முதன்முதலா மின்சார ட்ராம் விட்டதே உங்க ஊருக்குத்தான் அண்ணா, 1903 மே 15, வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துல இருந்து டூட்டிங் டாட்டர்டவுன் தெரு வரைக்கும், பின்னாடி ஐந்தாம் ஜார்ஜ் ஆன வேல்ஸ் இளவரசர் வந்து திறந்து வெச்சார். அன்னிக்கே கான்டியூட்தான். அதனால உங்க பலகைல தூணும் வயரும் வரக்கூடாது, அதுக்கு பதிலா ஒவ்வொரு பாதைக்கும் மூணு கோடு வரணும், ரெண்டு தண்டவாளம், நடுவுல சந்து. கவுன்சில் எல்லைக்கு வெளிய போனா நிறைய இடத்துல மேல் கம்பி இருந்துச்சு, மாறுற இடத்துல ஒரு ஆள் நீளமான கவட்டைக் கம்பி வெச்சுக்கிட்டு ப்ளவ்வை செருகுறதும் எடுக்கறதுமா இருப்பார். அந்த மாதிரி ஊருக்குள்ள வர ட்ராமோட கூரையில கம்பம் மடக்கி கட்டியிருக்கும், அதைப் பாத்துட்டுதான் நிறைய பேர் எல்லா எடத்துலயும் கம்பி இருந்ததா நினைச்சுக்கறாங்க.

ரெண்டாவது, ரூட்மாஸ்டர். அது ஜனங்களை ஏத்திக்கிட்டு ஓட ஆரம்பிச்சதே 1956 பிப்ரவரிலதான். லண்டன்ல பழைய ட்ராம் முழுசா நின்னது 1952 ஜூலைல. ரூட்மாஸ்டர் வந்து துரத்தினது ட்ராலிபஸ்ஸை, அதாவது தண்டவாளம் இல்லாம மேல் கம்பில கரண்ட் எடுத்து ஓடின பஸ்ஸை, 1959ல இருந்து. ட்ராமுக்கு பதிலா வந்தது ஆர்.டி. குடும்பத்து பஸ்தான். ஏ.இ.சி. பண்ணினது ஆர்.டி., லேலண்ட் பண்ணினது ஆர்.டி.எல்., எட்டடி அகலத்துல லேலண்ட் பண்ணினது ஆர்.டி.டபிள்யூ. மூணும் சேத்தா ஏழாயிரத்துக்கு பக்கம். இ.எஃப்.இ., கார்கி ரெண்டு கம்பெனியும் 1:76ல ஆர்.டி. போட்டிருக்காங்க, பழைய மார்க்கெட்ல கிடைக்கும். ரூட்மாஸ்டரை வித்துடுங்க, இல்ல பத்திரமா வெச்சிருங்க, 1960 பலகை பண்ணும்போது ஆகும்.

இப்ப நீங்க கேட்ட வம்சாவளி. வட லண்டன் ட்ராம் பெரும்பாலும் 1935க்கும் 1940க்கும் நடுவுல ட்ராலிபஸ்ஸா மாறிடுச்சு, போர் வந்ததும் அந்த வேலை நின்னுபோச்சு, தென் லண்டன் அப்படியே மிச்சம். 1946ல மிச்சம் இருக்கறதுக்கு ட்ராலிபஸ் வேணாம், டீசல் பஸ்ஸே போதும்னு முடிவு பண்ணாங்க. 1950 செப்டம்பர் கடைசில இருந்து 1952 ஜூலை வரைக்கும் ஒன்பது கட்டமா மாத்தினாங்க, ஆபரேஷன் ட்ராமவேன்னு பேரு. ஒவ்வொரு கட்டமும் சனிக்கிழமை ராத்திரி ட்ராம் ஷெட்டுக்குப் போயிடும், ஞாயித்துக்கிழமை காலைல பஸ். உங்களுது ரெண்டாவது கட்டம். விம்பிள்டன்ல இருந்து டூட்டிங், கிளாப்பம் வழியா தேம்ஸ் கரை எம்பாங்க்மென்ட் போயிட்டு வந்த 2, 4 ட்ராம் ரெண்டும் சேந்துதான் 155. ரெண்டும் ஒரே வளையம், ஒண்ணு வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்து வழியா முதல்ல போகும், இன்னொண்ணு ப்ளாக்ஃப்ரையர்ஸ் பாலத்து வழியா. 1951 ஜனவரி 6 சனிக்கிழமை ராத்திரி ட்ராம் கடைசி, 7ம் தேதி ஞாயிறு 155 ஆரம்பம். நீங்க தினம் ஏர்ற பஸ் அந்த ட்ராமோட நேர் வாரிசு அண்ணா, இப்போ எலிஃபன்ட் வரைக்கும் சுருங்கிப் போச்சு, அவ்ளோதான். விக்டோரியால இருந்து டூட்டிங், ஸ்ட்ரெத்தம் சுத்தி வந்த 8, 20 ட்ராம் இடத்துல 181 வந்துச்சு. மத்த ஊர்ல இருக்கறவங்களுக்கும் சொல்றேன், 31 ட்ராம்தான் 170, 16ம் 18ம் 109, 58தான் 185, கிங்ஸ்வே சுரங்கம் வழியா போன 33ம் 35ம் 171, 172, கடைசில நின்ன 36ம் 38ம் 177. இதுல பாதிக்கு மேல இன்னிக்கும் அதே நம்பர்ல, பழைய பாதைல ஏதோ ஒரு துண்டுலயாவது ஓடிட்டு இருக்கு, எனக்கு அதை நினைச்சா உடம்பு சிலிர்க்கும்.

நீங்க ரூட் 2னு தேடி குழம்பினதுக்கும் காரணம் இதான். ட்ராம் நம்பர் தனி வரிசை, பஸ் நம்பர் தனி வரிசை, பஸ்ல ஏற்கனவே 2ம் 4ம் இருந்துச்சு, அதனாலதான் புது நம்பர் குடுத்தாங்க. ஆவணத்துல 2னு பாத்தா அது ட்ராமா பஸ்ஸான்னு முதல்ல பாத்துக்கணும், நானே ஆரம்பத்துல ஒரு மாசம் தப்பான 4ஐ துரத்தியிருக்கேன்.


155பயணி எழுதியது:

தம்பி சின்னரயில், வாசிச்சுப்போட்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தன். ரெண்டு மாச வேலை. ஆனா நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தா பிழையான ஒண்டை வீட்டுச் சுவரில வச்சு வாழ்நாள் முழுக்க பாத்துக்கொண்டு இருந்திருப்பன். இண்டைக்கு பின்னேரம் தூண் எல்லாம் ஒவ்வொண்டா கழட்டிப்போட்டன். கழட்டின பிறகு பாத்தா உண்மையா வடிவாத்தான் இருக்கு, ஸ்ரேசன் முகப்பு முழுக்க மறைவில்லாமல் தெரியுது.

இன்னுமொரு கேள்வி. முதலில கடைசி ட்ராமும் முதல் பஸ்ஸும் ஒண்டா நிக்கிற மாதிரி வைப்பம் எண்டு நினைச்சன், ஆனா சனி இரவோட ட்ராம் முடிஞ்சு ஞாயிறு காலமைதான் பஸ் எண்டால் அது நடக்காத காட்சி எல்லோ? அப்ப எந்த நாளை வைக்கிறது?


கராஜ்கிழவர் எழுதியது:

பிள்ளையள், வாசிக்க சந்தோசமா இருக்குது. எனக்கு எழுபத்தாறு வயசு, எண்பதுகளில தென் லண்டனில பஸ் ஓட்டினனான். அப்ப எங்கட கன்ரீனில பழைய ஆக்கள் ஒரு சிலர், இளம் வயசில ட்ராம் ஓட்டி, பேந்து பஸ்ஸுக்கு பயிற்சி எடுத்து வந்தவை, ரிட்டயர் ஆன பிறகும் தேத்தண்ணி குடிக்க வருவினம். அவையிட்ட கேட்டதை சொல்லுறன், உங்களுக்கு உதவும்.

ட்ராம் ஓட்டுறவர் இருந்து ஓட்டுறேல்ல, நிண்டுதான் ஓட்டுறவர். ஒரு கை கொன்ரோலரில, மற்றக் கை பிரேக்கில. அதால பொம்மை வைக்கேக்க நிண்ட ஆள் வையுங்கோ, ஃபெல்தம் எண்ட புது மாதிரி ட்ராமில மட்டும்தான் இருக்கை. முடிவிடத்தில ட்ராம் திரும்பாது, ஓட்டுறவர்தான் மற்றத் தலைப்புக்கு நடந்து போவார், சீற்றின்ர முதுகை மறுபக்கம் சாய்ச்சு விடுவினம்.

முக்கியமானது ஸ்ரொப். ட்ராம் நடு றோட்டிலதானே நிக்கும், பலகை நடைபாதையில இருக்கும், சனம் ட்ராமைக் கண்டதும் நடைபாதையால இறங்கி றோட்டைக் கடந்து போய்த்தான் ஏறும். கார், லொறி எல்லாம் நிண்டு வழி விட வேணும். கிழவியள், பிள்ளையளோட போறவைக்கு அது பெரிய கஸ்ரம். பஸ் வந்த பிறகு ஓரத்துக்கு வந்து நிக்கும், சனம் நடைபாதையிலயே வரிசை கட்டி நிக்கும். ட்ராம் போய் பஸ் வந்த வித்தியாசத்தை ஒரு பார்வையில காட்ட வேணுமெண்டால் அந்த வரிசையைக் காட்டினா காணும்.

இன்னுமொண்டு. ஈ 3 எண்ட வகை ட்ராமில 74 பேர் இருக்கலாம், ஆர்.டி.யில 56 பேர்தான். கணக்குப் போட்டுப் பாருங்கோ, மூண்டு ட்ராம் 222 சீற், நாலு பஸ் 224 சீற். மூண்டு ட்ராம் ஏத்தின சனத்துக்கு நாலு பஸ் வேணும். அதால உங்கட பலகையில பஸ் ஒண்டை மட்டும் தனிய விடாதையுங்கோ, ஒண்டுக்குப் பின்னால இன்னொண்டு வாற மாதிரி வையுங்கோ, உண்மையில அப்பிடித்தான் தெரிஞ்சிருக்கும்.

ஆர்.டி. பஸ் எண்டதும் எனக்கு கொழும்புதான் ஞாபகம் வரும். 1958ல இலங்கை போக்குவரத்துச் சபை வந்த பிறகு லண்டனில ஓடி முடிஞ்ச சிவப்பு டபிள் டெக்கர் நூற்றுக்கணக்கில வாங்கி அங்க ஓட்டினவை, ஆர்.டி., ஆர்.டி.எல்., ஆர்.டி.டபிள்யூ. மூண்டும். நான் பத்து வயசுப் பெடியனா காலி வீதியில மேல்தட்டில முன்னுக்கு இருந்து கடலைப் பாத்துக்கொண்டு போன பஸ், ஒரு காலத்தில டூட்டிங்கில ட்ராமை அனுப்பிப்போட்டு வந்த பஸ்ஸாவும் இருந்திருக்கலாம். பிறகு லண்டன் வந்து கராஜில படம் ஒண்டில அதைக் கண்டபோது ஊரில தெரிஞ்ச முகத்தைக் கண்ட மாதிரி இருந்தது.


சின்னரயில் எழுதியது:

ஐயா, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன், 222க்கு 224 கணக்கு எனக்கே தோணல. ரொம்ப நன்றி.

அண்ணா, எந்த நாள்னு கேட்டீங்க. என்னோட யோசனை, ட்ராமையே வைக்காதீங்க. ட்ராம் போனதுக்கு அப்பறம் வர முதல் வாரம் வைங்க. ஏன்னா தண்டவாளமும் சந்தும் ஒரே ராத்திரில போயிடல, அதுக்கப்பறமும் கொஞ்ச காலம் ரோட்டுலயேதான் கிடந்துச்சு, பிறகுதான் பிடுங்கினாங்க, இல்ல தார் ஊத்தி மூடினாங்க. அதாவது ரோடு இன்னும் ட்ராமோட ரோடு, மேல ஓடறது பஸ். பழசும் புதுசும் ஒரே காட்சில பொய் இல்லாம இருக்கற காலம் அது ஒண்ணுதான். தண்டவாளம் பளபளன்னு இருக்கக்கூடாது, ட்ராம் ஓடற வரைக்கும்தான் மேல் பக்கம் வெள்ளியா மின்னும், நின்ன ரெண்டாவது நாளே செம்பழுப்பா துரு ஏற ஆரம்பிச்சுடும், அதுவும் ஜனவரி ஈரத்துல. அந்த மெல்லிய துரு ஒண்ணே ட்ராம் இனிமே வராதுன்னு சொல்லிடும்.

ஆனா 7ம் தேதி வேணாம், அது ஞாயித்துக்கிழமை, கடை எல்லாம் மூடியிருக்கும். 8ம் தேதி திங்கக்கிழமை வைங்க.

தேதி ஒண்ணு கையில வந்துட்டா மத்த தேடல் எல்லாம் சுலபம். எது எது அன்னிக்கு இருந்துச்சு, எது இன்னும் வரலன்னு ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டே போகலாம். சீப்ரா கோடு சட்டப்படி வந்தது 1951 அக்டோபர் கடைசில, அதனால உங்க ரோட்டுல கருப்பு வெள்ளை பட்டை போடாதீங்க, ரோடு கடக்கற எடத்தைக் காட்டற, மஞ்சள் உருண்டை வெச்ச பெலிஷா தூணும் ரோட்டுல உலோகக் குமிழும் போதும். ஓரத்துல மஞ்சள் கோடும் அப்போ இல்ல. இனிப்பு 1953 பிப்ரவரி வரைக்கும் ரேஷன், இறைச்சி அதுக்கும் மேல, அதனால கடை ஜன்னலை ரொம்ப நிரப்பாதீங்க. மரம் எல்லாம் மொட்டையா இருக்கணும்.

வரைபடத்துக்கு முதல் இடம் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தோட வெப்சைட். ஆர்ட்னன்ஸ் சர்வே பழைய வரைபடம் அங்க இலவசமா பாக்கலாம், லண்டனுக்கு 1940கள்ல இருந்து 60கள் வரைக்கும் 1:1250 ஸ்கேல்லயே இருக்கு, ஒவ்வொரு கடை வாசலும் அளக்கலாம். 1:1250ஐ 1:76 ஆக்கணும்னா பதினாறரை மடங்கு பெருசாக்கினா போதும். உங்க 120 சென்டிமீட்டர் நிஜத்துல 91 மீட்டர் ரோடு, 45 சென்டிமீட்டர் 34 மீட்டர். இதை வரைபடத்து மேல ஒரு செவ்வகமா வெட்டி வெச்சுப் பாருங்க, ஸ்டேஷன், சிலை, மிட்சம் ரோடு திரும்பற முனை எல்லாம் உள்ள வருதான்னு அப்பவே தெரிஞ்சுடும். சிலையை மட்டும் இன்னிக்கு நிக்கற எடத்தைப் பாத்து வைக்காதீங்க, பழைய படத்துல எங்க நிக்குதோ அங்க வைங்க. கூரைகளுக்கு பிரிட்டன் ஃப்ரம் அபவ்னு ஒரு தளம் இருக்கு, 1919ல இருந்து 1953 வரைக்கும் விமானத்துல இருந்து எடுத்த படம், புகைக்கூண்டு எத்தனைன்னுகூட எண்ணலாம்.

ரோட்டு மட்டத்து படத்துக்கு லண்டன் ட்ரான்ஸ்போர்ட் மியூசியத்தோட ஆன்லைன் தொகுப்பு, லண்டன் ஆர்க்கைவ்ஸ் (2024 வரைக்கும் லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆர்க்கைவ்ஸ்னு பேரு), அப்பறம் உங்க பக்கத்துலயே பேட்டர்ஸீ லைப்ரரில வான்ட்ஸ்வொர்த் பகுதி ஆவணப் பிரிவு. அங்க ஒரு தடவை நேர்ல போங்க அண்ணா, ஸ்கேன் பண்ணாத படம் எப்பவும் பெட்டிக்குள்ளதான் இருக்கும். போகும்போது ட்ராம் படம் வேணும்னு கேக்காதீங்க, தெருப் பேரு சொல்லிக் கேளுங்க. ஊர்வலம், கடை திறப்பு, தீ விபத்து, சினிமா தியேட்டர் வாசல் கூட்டம், இப்படி வேற எதுக்கோ எடுத்த படத்துலதான் பின்னாடி ஸ்டாப்பும் ரோடும் நல்லா விழுந்திருக்கும். மிட்சம் ரோட்டுல க்ரனாடா தியேட்டர் 1931ல திறந்தது, அதை வெளிய நின்னு எடுத்த படம் எல்லாமே உங்களுக்கு ஆகும், 8, 20 ட்ராம் போன தண்டவாளம் அதுல விழ வாய்ப்பு இருக்கு. ட்ராம் நிக்கறதுக்கு முன்னாடி வெளியிட்ட ரூட் மேப், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒட்டின நோட்டீஸ், இதெல்லாம் மியூசியம் தொகுப்புல தேடுங்க.

படத்துக்கு தேதி போடறது ஒரு தனி ருசி. பஸ் நம்பர் ப்ளேட்டை பாருங்க. ஆர்.டி.ல கே.எக்ஸ்.டபிள்யூ., எல்.எல்.யூ. எல்லாம் 1950 வாக்குல வந்த வண்டி, உங்க திங்கக்கிழமைக்கு பொருந்தும். என்.எக்ஸ்.பி., ஓ.எல்.டி. வந்தா அது 1953, 54 வண்டி, அந்தப் படமும் அதுக்கப்பறம் எடுத்தது, மாடல் வாங்கும்போதும் அந்த ப்ளேட் இருந்தா மாத்தணும். நெத்தில நம்பர் பெட்டி துருத்திக்கிட்டு இருக்கற பாடியும் உண்டு, இல்லாத பாடியும் உண்டு. கராஜ் கோடு ஒண்ணு ரெண்டு எழுத்துல பக்கவாட்டுல சின்னத் தகட்டுல இருக்கும், மேர்ட்டன் கராஜ்னா ஏ.எல்., அதைப் பாத்தா வண்டி எந்த ஷெட்டுதுன்னு தெரியும். முன்னாடி போர்டுல எழுத்து ஜான்ஸ்டன் எழுத்துரு, கருப்புல வெள்ளை, அதே எழுத்துருல நீங்களே பிரிண்ட் போட்டு ஒட்டிடலாம்.

சந்து எப்படி பண்றதுன்னு கேப்பீங்க. 1:76ல அது கால் மில்லிமீட்டர்தான் வரும், தனியா எதுவும் ஒட்ட வேணாம், பிளாஸ்டிக் ஷீட்ல ஸ்கேல் வெச்சு ஊசியால ஒரே கீறல், மேல தண்ணியா கரைச்ச கருப்பு பெயிண்ட்டை மெல்லிசா ஒரு தடவல். தண்டவாளம் கடைல கிடைக்கற ஓஓங்கற மாடல் ரயில் ட்ராக்கை அப்படியே போட்டா இடைவெளி 16.5 மில்லிமீட்டர், நிஜ லண்டன் ட்ராம் நாலடி எட்டரை அங்குலம், அது 18.9 மில்லிமீட்டர் வரணும். நீங்க ட்ராம் ஓட்டப்போறதில்ல, அதனால ரெண்டு பித்தளைப் பட்டையை 18.9ல பதிச்சுடுங்க, பக்கத்துல 30 மில்லிமீட்டர் அகலத்துல ஆர்.டி. நிக்கும்போது அளவு சரியா இருக்கறது கண்ணுக்கே தெரியும். தண்டவாளத்துக்கு நடுவுல கருங்கல் பாவினது தனியா தெரியணும், மிச்ச ரோடு வேற நிறம்.

ட்ராமையும் பாக்கணும்னு தோணுச்சுன்னா கோவன்ட் கார்டன் மியூசியத்தோட ஈ 1 ட்ராம் 1025, டெர்பிஷயர் க்ரிச் ட்ராம் மியூசியத்துல 1622 ரெண்டும் பத்திரமா இருக்கு. மத்ததுல பெரும்பாலானதை சார்ல்டன் பக்கம் பென்ஹால் ரோட்டுல வரிசையா நிறுத்தி எரிச்சாங்க. ஃபெல்தம் வண்டிகள்ல பெரும்பாலானதை லீட்ஸ் நகரம் வாங்கிக்கிச்சு. அந்த எரிஞ்ச படங்களைப் பாத்துட்டு ஒரு வாரம் என்னால மேசைல உக்கார முடியல.


மவுண்ட்ரோடு எழுதியது:

இடையில வரேன், மன்னிக்கணும். நான் சென்னைல இருந்து படிக்கிறேன், லண்டன் எனக்கு தெரியாது, ஆனா கான்டியூட்னு படிச்சதும் எழுந்து உக்காந்துட்டேன். மெட்ராஸ்ல 1895 மே 7ம் தேதி ஓட ஆரம்பிச்ச மின்சார ட்ராம், இந்தியாவுக்கே முதல், அதுவும் ஆரம்பத்துல இந்த மாதிரி ரோட்டுக்கு அடியில கரண்ட் எடுத்த வண்டிதான், நம்ம ஊர் மழைல பள்ளம் முழுக்க தண்ணி நின்னுபோய் அப்பறம்தான் மேல் கம்பிக்கு மாறினாங்க. கடைசியா நின்னது 1953 ஏப்ரல் 12, லண்டன் நின்னு ஒன்பது மாசத்துல. நானும் ரொம்ப நாளா ஒரு மெட்ராஸ் பலகை பண்ணணும்னு படமா சேத்துக்கிட்டு இருக்கேன், எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியாம நின்னுட்டு இருந்தேன். தேதி ஒண்ணு பிடிச்சுக்கிட்டு, ட்ராம் போன மறுநாளை வைக்கணும்னு சொன்னது எனக்கு வழி காட்டின மாதிரி இருக்கு. தெருப் பேரு சொல்லி கேக்கணும்ங்கறதும் அப்படித்தான், எழும்பூர் ஆவணக் காப்பகத்துலயும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துலயும் நான் இவ்ளோ நாள் ட்ராம் ட்ராம்னுதான் கேட்டுட்டு இருந்தேன். அடுத்த வாரம் லஸ், ராயப்பேட்டைன்னு கேக்கப்போறேன்.


155பயணி எழுதியது:

எல்லாருக்கும் கனக்க நன்றி. ஒரு மாசம் கழிச்சு வாறன், அதால நீளமா எழுதுறன், குறை நினையாதையுங்கோ.

பேட்டர்ஸீ லைப்ரரிக்கு ரெண்டு சனிக்கிழமை போனன். தம்பி சொன்ன மாதிரியே தெருப் பேர் சொல்லிக் கேட்டன், அங்க இருந்த பிள்ளை பொறுமையா ஒரு பெட்டி கொண்டுவந்து தந்தா. அதில டூட்டிங் ஹை ஸ்ரீற்றில ஒரு சப்பாத்துக் கடை வாசல் படம், கடைக்காரர் பெருமையா நிக்கிறார், அவருக்கு முன்னால நடைபாதை ஓரத்தில ட்ராம் ஸ்ரொப் பலகை, அதுக்குக் கீழ றோட்டில மூண்டு கோடு. நடுக்கோடு அவ்வளவு மெல்லிசு. நான் இத்தனை மாசம் தேடினது அந்தக் கடைக்காரருக்குப் பின்னால இல்லை, காலுக்கு முன்னால கிடந்திருக்கு. படத்தில தேதி இல்லை, ஆனா கடைக்குப் பக்கத்தில ஒட்டின நோட்டீசை பூதக்கண்ணாடியால பாத்து 1949 எண்டு வாசிச்சம், நானும் அந்தப் பிள்ளையும் சேந்து. அவவுக்கும் அண்டைக்கு சந்தோசம்.

வரைபடத்தில 91 மீற்றர் செவ்வகம் வெட்டி வச்சுப் பாத்தா என்ர பழைய பிளானில ஸ்ரேசன் பிழையான பக்கத்துக்கு நாலு சென்ரிமீற்றர் தள்ளி இருந்தது, அதையும் மாத்தியாச்சு. தண்டவாளம் 18.9ல பதிச்சன். சந்து கீற முதல் மூண்டு ஷீற் பழுதாப் போச்சு, ஸ்கேல் கொஞ்சம் அசைஞ்சாலும் கோடு வளையுது, இப்ப ரெண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு ஒரே இழுவையில கீறுறன், சரியா வருது. கருங்கல்லுக்கு சாம்பலோட கொஞ்சம் ஊதா கலந்தன், நனைஞ்ச மாதிரி வேணுமெண்டு மேல ஒரு கோற் சற்றின் வார்னிஷ். தண்டவாளத்துக்கு மெல்லிய துரு நிறம் அடிச்சபோது எனக்கு கண் கலங்கினது, ஏனெண்டு சொல்லத் தெரியேல்ல.

ஆர்.டி. ரெண்டு வாங்கிட்டன், ரெண்டும் எல்.எல்.யூ. ப்ளேட். ஐயா சொன்ன மாதிரி ஒண்டு ஸ்ரொப்பில, சனம் வரிசையில, மற்றது அம்பது மீற்றர் பின்னால வருது. வரிசையில நிக்கிறவையில ஒரு கிழவி மட்டும் நடைபாதையால ஒரு காலை றோட்டில வச்சு இறங்கப் போற மாதிரி செய்திருக்கிறன். வருசக்கணக்கா நடு றோட்டுக்குப் போய் ஏறின பழக்கம் ஒரே நாளில போகாது எண்டு நினைச்சன். அந்த முதல் திங்கக்கிழமை அப்பிடி ஒராளாவது கட்டாயம் இறங்கியிருப்பினம்.

நேரம் காலமை எட்டு மணி எண்டு வச்சிருக்கிறன், வேலைக்குப் போற நேரம். இது சரிதானே ஐயா?


கராஜ்கிழவர் எழுதியது:

அந்தக் கிழவியை நான் கண்டிருக்கிறன் தம்பி. ட்ராம் போய் முப்பது வருசத்துக்குப் பிறகும் சிலர் பஸ் வாறதைக் கண்டால் றோட்டில ஒரு கால் இறக்கித்தான் கை காட்டுவினம். நல்லாச் செய்திருக்கிறீங்கள்.

எட்டு மணி சரி, ஆனா சனவரி எட்டாம் திகதி லண்டனில எட்டு மணி தாண்டித்தான் சூரியன் எழும்பும், வெளிச்சம் மங்கலாத்தான் இருக்கும். பஸ்ஸுக்குள்ள லைற் எரிஞ்சுகொண்டு இருக்க வேணும், மேல்தட்டும் கீழ்த்தட்டும். அந்தக் காலத்து குண்டு பல்ப், வெள்ளை வெளிச்சம் இல்லை, நல்ல மஞ்சள். யன்னல் கண்ணாடியில உள்பக்கம் கொஞ்சம் புகார் படிஞ்ச மாதிரி, மேல்தட்டில சிகரெட் புகைக்கு கொஞ்சம் மங்கலா. கடைக்குள்ளயும் ஒண்டு ரெண்டில லைற் போடுங்கோ, கடைக்காரர் ஷட்டர் தூக்கிற நேரம்.


155பயணி எழுதியது:

லைற் யோசிக்கவே இல்லை ஐயா! ரெண்டு பஸ்ஸையும் நாளைக்குக் கழட்டுறன். 1:76 ஆர்.டி.க்குள்ள எல்.ஈ.டி. வைச்ச ஆக்கள் யாரும் இருந்தா, வயரை எதால கீழ இறக்கினீங்கள் எண்டு சொல்லுங்கோ, பின் சில்லு பக்கத்தால இறக்கினா பிளாட்ஃபோமில நிக்கிற கண்டக்டருக்குப் பின்னால மறையும் எண்டு நினைக்கிறன்.